வளைகாப்பில் கேட்க வேண்டிய கேள்வி

உங்கள் அங்கன்வாடி மையத்தை ஒட்டிய தெருவில் வளைகாப்பு என்று யாராவது வந்து அழைத்தால் கட்டாயம் போங்கள். அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் தடவுங்கள். கையில் இரண்டு வளையல் போடுங்கள். புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாவற்றையும் வஞ்சனையில்லாமல் சாப்பிடுங்கள். ஆனால் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன்னால், "நாளையிலேர்ந்து இந்தப் பொண்ணுக்கு யாரு சத்துமாவு குடுப்பாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

பயிற்சியில் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. மாவு பிசைவது, குழந்தையை எடை போடுவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நம் பெண்களுக்கு இரண்டு வீடு உண்டு என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். சொல்லித் தந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அவர்களும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் மையம் இருந்தது. சனங்கள் பால்வாடி என்பார்கள். என்னைப் பால்வாடி டீச்சர் என்பார்கள். வெங்காய மண்டிச் சுவரை ஒட்டிய ஓட்டுக் கட்டடம் அது. வெங்காய வரத்து அதிகமான நாட்களில் என் பிள்ளைகள் அடம் பிடிக்காமலேயே கண்ணீர் விடுவார்கள். உதவிக்கு ஓர் ஆயா இருந்தார். காலையில் பிள்ளைகளுக்கும், பதினோரு மணி வாக்கில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் சத்துமாவு உருண்டை கொடுப்போம்.

அந்த உருண்டை ஒருத்திக்குக் கிடைக்க வேண்டுமென்றால் அவள் மனுக் கொடுக்க வேண்டும். மாசமாக இருக்கிறாள் என்று நர்ஸம்மா எழுதித் தர வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் என் மையத்துக்கு உட்பட்ட தெருவில் இருக்க வேண்டும். கொடுப்பதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. நியாயமான விதிகள்தான். எடுத்துப் போனால் யார் சாப்பிடுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செல்வியை அழைத்துக்கொண்டு வந்தது அவளுடைய மாமியார் அஞ்சலை. மார்க்கெட் வாசலில் கீரை விற்பவர். அவரிடம் பேரம் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பியவர்களை நான் பார்த்ததில்லை. வந்தவர் கூடையை என் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, நான் எழுத எழுத எனக்கு மேலே நின்றுகொண்டார்.

"எழுதிக்க டீச்சர். பேரு செல்வி. என் மருமவ. புருசன் மூட்டை தூக்குறான். என் மவன்தான், அதையும் எழுதிக்க."

"எத்தனாவது பிரசவங்க?"

செல்வி தரையைப் பார்த்தாள். அஞ்சலைதான் சொன்னார். "ரெண்டாவது. மொதல்ல ஒன்னு பொறந்துச்சு, தங்கல. அதோட விட்டுடு, மேல கேக்காத."

நான் கேட்கவில்லை. நர்ஸம்மா எழுதித் தந்த சீட்டில் ரத்தம் குறைவு என்று இருந்தது. செல்வியின் உள்ளங்கையைப் பார்த்தாலே அது தெரிந்தது, அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது.

போகிற போக்கில் அஞ்சலையின் கண் என் எடைத் தராசில் விழுந்தது. விட்டத்தில் தொங்கும் தராசு, அதில் தூளி மாதிரி ஒரு துணி. மாதம் ஒருமுறை பிள்ளைகளை அதில் போட்டு எடை பார்ப்போம்.

"பச்சப் புள்ளயத் தராசுல போடுவியா நீ? கண்ணு பட்டுப் போவாதா? நானே கீரையக் கட்டாத்தான் விக்கிறேன், எடை போட்டு விக்கல. மனுசப் புள்ளைக்கு எடையாம்."

அதுதான் அஞ்சலை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, கூடையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக் கீரையை எடுத்து ஆயாவின் கையில் திணித்துவிட்டுப் போனார்.

செல்வி தினமும் வந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் பாதி உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"யாருக்கு அது?"

"அவருக்கு டீச்சர். காலையிலேர்ந்து வெறும் டீயோட மூட்டை தூக்குறாரு. நான் மட்டும் உக்காந்து திங்கறது என்னமோ மாதிரி இருக்கு."

"அவரு தூக்குற மூட்டைய சாயங்காலம் எறக்கி வெச்சிடுவாரு. நீ தூக்குறத எறக்கி வெக்க இன்னும் மாசக்கணக்கு இருக்கு. சாப்பிடு."

சிரித்துவிட்டாள். முடிச்சை அவிழ்த்துச் சாப்பிட்டாள். அன்றுதான் முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய அம்மா வீடு ஸ்ரீரங்கத்தில். அம்மா கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர். முதல் முறை வளைகாப்பு முடிந்து அங்கே போயிருந்தபோது, புருஷன் மூட்டையோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டான் என்று சேதி வந்திருக்கிறது. எட்டாம் மாதம். யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஓடிவந்திருக்கிறாள். வந்த இடத்தில் வலி கண்டுவிட்டது. பிள்ளை குறை மாதத்தில் பிறந்து, மறுநாள் மதியம் வரை இருந்தது.

"ஆத்தத் தாண்டாதன்னு அம்மா தலபாடா அடிச்சிக்கிச்சு டீச்சர். நாந்தான் கேக்கல."

மாசமாக இருக்கிறவள் அம்மா வீடு போனபின் ஆறு தாண்டக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். வளைகாப்பன்று நல்ல நேரம் பார்த்துத் தாண்டுவதுதான் கடைசி. பிறகு பிள்ளையோடுதான் திரும்பித் தாண்ட வேண்டும். ஆற்றுக்கும் குறைப் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை, உடம்பில் தெம்பு இல்லாததுதான் காரணம் என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அறிவியல் பேசாதீர்கள். முதலில் அவளைச் சாப்பிட வையுங்கள்.

முதல் பிள்ளை தங்காததால் இதையே தலைப்பிள்ளை என்று வைத்து, ஏழாம் மாதத்தில் மறுபடியும் வளைகாப்பு செய்தார்கள். நானும் போனேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு செல்வி அம்மாவுடன் ஸ்ரீரங்கம் கிளம்பினாள். "அங்க ஒரு பால்வாடி இருக்கு, போய்ப் பேரு குடு" என்று சொல்லி அனுப்பினேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்து அஞ்சலை ஒரு தூக்குச் சட்டியோடு வந்து நின்றார். "என் மருமவ பங்கைக் குடு."

"அவங்கதான் இங்க இல்லியே. இங்க உக்காந்து சாப்பிட்டாத்தாங்க குடுக்க முடியும்."

பின்னாலிருந்து ஆயா முணுமுணுத்தார். "மருமவ பேரச் சொல்லி மாமியா திங்கப் பாக்குது."

அது அஞ்சலையின் காதில் விழுந்துவிட்டது. தெரு கூடும்படி ஒரு சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆயாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க உள்ள பால்வாடில பேரு சேக்க மாட்டேன்னுட்டாங்களாம். கார்டு இந்தப் பக்கம் இருக்காம். சம்பந்தியம்மா ஒரு தடவ கேட்டுட்டு, ரோசத்துல திரும்பப் போவல. 'எம்பொண்ணுக்கு நான் போடுற சோறு பத்தாதா'ங்குது. பூக்கட்டி என்னத்தப் போடும் அது? ரெண்டு வேள கஞ்சி. நான் குடுத்தா வாங்கிக்கும். வீட்டுக்குப் போவ மாட்டேன், சம்பந்தி வீட்டு வாசல்ல தெனம் போயி நின்னா மரியாதையா இருக்காது. பூக்கடைல குடுத்துட்டு வந்துடுவேன். பஸ்ஸுதான, நான் தாண்டலாம் ஆத்த. எனக்கு என்ன, புள்ளையா வயித்துல இருக்கு?"

அன்றைக்கு மட்டும் என்று சொல்லி உருண்டைகளைத் தூக்கில் போட்டுக் கொடுத்தேன். ஆயாவே மூடியை அழுத்தி மூடித் தந்தார்.

மறுநாள் மதியம் மையத்தைப் பூட்டிவிட்டு நான் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். செல்வியைப் பார்க்க அல்ல, அந்த மையத்து டீச்சரோடு சண்டை போட. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். கோயில் கைங்கரியக் குடும்பத்திலிருந்து வேலைக்கு வந்தவர். விதி என்றால் அவருக்கு வேதம் மாதிரி. என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டைக்குத் தயாரானார்.

"பேர் அங்க இருக்கு, கார்டு அங்க இருக்கு. நான் எப்படி எழுதறது சொல்லுங்கோ? நாளைக்குக் கணக்குப் பார்க்கறவா வந்தா, ஒருத்தியே ரெண்டு இடத்துல சாப்பிடறாளான்னு கேப்பா."

"அவ ஒரு இடத்துலயும் சாப்பிடலியே டீச்சர்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அவளை அங்க வரச் சொல்லுங்கோ."

"ஆறு தாண்ட மாட்டா."

அவர் தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு குரல் இறங்கிக் கேட்டார். "பாலக்கரை உங்க மையத்துல வருமா?"

"ஒரு சந்து வரும். ஏன்?"

"ஸ்டெல்லான்னு என் பொண்ணு ஒருத்தி." தன் மையத்துக்கு வருகிற பெண்களை அவர் அப்படித்தான் சொல்வார். "இங்க அம்மா மண்டபம் ரோட்டுல ஆம்படையான் டீக்கடை வெச்சிருக்கான். அவ அம்மா வீடு பாலக்கரை. போன மாசம் வளைகாப்புப் போட்டு அழைச்சுண்டு போயிட்டா. அவளும் ஆறு தாண்ட மாட்டேங்கறா. ஒல்லியா இருப்பா. என்ன சாப்பிடறாளோன்னு எனக்கு மனசே ஆறலை."

இந்த விஷயத்தில் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் வித்தியாசம் கிடையாது என்று அன்று தெரிந்துகொண்டேன். ஸ்டெல்லா என்னிடம் வந்திருந்தால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். கார்டு அங்கே இருக்கிறதே அம்மா என்று.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு. செல்வியின் பங்கை என் மையத்தில் ஸ்டெல்லா சாப்பிடட்டும், ஸ்டெல்லாவின் பங்கை அவர் மையத்தில் செல்வி சாப்பிடட்டும். மாவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

"அப்போ பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துண்டாச்சு" என்றார் அவர். "நாம ரெண்டு பேரும் சம்பந்தியாயிட்டோம்." அந்த மனுஷி தமாஷ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்படி ஸ்டெல்லா என்னிடம் வந்து சேர்ந்தாள். செல்விக்கு நேர் எதிர். வாய் ஓயாது. கழுத்தில் சிலுவைச் செயின், வாயில் உருண்டை, நடுவில் டீக்கடைக் கதைகள். அஞ்சலை தினமும் வியாபாரத்துக்கு நடுவில் வந்து அவள் எதிரில் உட்கார்ந்துகொள்வார். "தின்னு, மிச்சம் வெக்காத. நீ இங்க மிச்சம் வெச்சா அங்க அவளும் மிச்சம் வெப்பா" என்பார். இது என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்டெல்லாவும் அவரை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

செல்விக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்த சமயம், எங்கள் மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சொல்லாமல் வருவதுதான் அவர் வழக்கம். மேடம் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அடுக்கி வைத்த மாவு மூட்டைகளைப் பார்த்தார், பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார், எல்லாம் சரி. பிறகு கர்ப்பிணிகளின் பெயரைப் படித்துக் கூப்பிடத் தொடங்கினார்.

"செல்வி யாரு?"

பாயிலிருந்து ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். "நான்தாங்க மேடம்."

"ஆமாங்கம்மா, என் மருமவதான்" என்றார் அஞ்சலை. நெற்றி நிறைய விபூதி, நடுவில் காசளவு குங்குமம்.

"ஆமா மேடம்" என்றார் ஆயாவும்.

மேடத்தின் பார்வை ஸ்டெல்லாவின் சிலுவைக்குப் போய், அங்கிருந்து அஞ்சலையின் விபூதிக்கு வந்து, கடைசியில் என்மேல் நின்றது. "அப்படிங்களா டீச்சர்?"

இந்த இடத்துக்காகத்தான் உங்களுக்கு இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆமாம் மேடம் என்று சொன்னால் போதும். அவர் மேற்கொண்டு தோண்டியிருப்பாரா, தெரியாது. எனக்காக மூன்று பேர் பொய் சொல்லியாயிற்று, நாலாவது ஆளாக நானும் சேர்ந்துகொண்டால் செல்விக்குப் பிரசவம் வரை தடையில்லாமல் ஓடிவிடும். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே நின்றுவிடும். என் வேலை போகலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்னை நம்பி உட்கார்ந்திருக்கும் சம்பந்தியின் வேலையும் போகலாம்.

ஆனால் அடுத்த வாரம் எங்கள் சந்தில் இன்னொரு வளைகாப்பு இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வீடு லால்குடிப் பக்கம். அவளுக்கு மாற்றாக நான் எங்கே போய்ப் பெண் எடுப்பேன்? ஒளித்துச் செய்கிற உதவி ஒருத்தியோடு நின்றுவிடும். அதை யாரிடமும் சொல்லி இன்னொருத்திக்குக் கேட்க முடியாது. அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். லால்குடிக்காரியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

"இல்லீங்க மேடம். இது ஸ்டெல்லா. செல்வி ஸ்ரீரங்கத்துல அம்மா வீட்டுல இருக்கா. இவ பங்க அவ அங்க சாப்பிடறா, அவ பங்க இவ இங்க சாப்பிடறா. யோசனை என்னோடது."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "ஆள் மாறாட்டம்னு இதுக்குப் பேரு, தெரியுங்களா? ரெண்டு பேருக்கும் இன்னிக்கே நிறுத்துங்க. விளக்கம் எழுதிக் குடுங்க."

அஞ்சலைக்கு அன்று வழக்கமான வாய் வரவில்லை. மார்க்கெட்டையே அதட்டி மேய்க்கிறவர், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். "என்னைய என்ன வேணாலும் பண்ணுங்கம்மா. அதுங்க ரெண்டோட வயித்துல மட்டும் கை வெச்சிடாதீங்க" என்றார், சின்னக் குரலில்.

அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

"மேடம், ஒன்னு கேக்கலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்குப் பிரசவம் எந்த வீட்டுல பாத்தாங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "ஜீப்ல ஏறுங்க" என்றார்.

எங்கே என்று சொல்லவில்லை. மலைக்கோட்டையைச் சுற்றிச் சத்திரம் பஸ் நிலையத்தைத் தாண்டியதும்தான் புரிந்தது. காவிரியில் அப்போது நல்ல தண்ணீர். பாலத்தின் நடுவில் வரும்போது மேடம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கம்மா வீடு புதுக்கோட்டை. அங்க போன பிறகுதாங்க நான் வயிறாரச் சாப்பிட்டேன். மாமியார் வீட்டுல பசிக்குதுன்னு வாய் விட்டுக் கேக்க முடியுமா? அம்மாகிட்டதான் கேக்கலாம்." கொஞ்சம் கழித்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "எத்தனை பேரோட பேர ஊர்ல இல்லைன்னு எழுதி அடிச்சிருக்கேன்" என்றார்.

செல்வியின் முதல் பிள்ளையைப் பற்றி மட்டும் சொன்னேன். பாலம் முடியும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் போனபோது செல்வி பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசாகச் சதை பிடித்திருந்தது. அதிகாரி என்று தெரிந்ததும் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினாள்.

"உன் பேரு என்னம்மா?"

"ஸ்டெல்லாங்க" என்றாள் செல்வி. அவசரமாகக் கையை முந்தானையில் துடைத்ததில் வளையல்கள் கலகலத்தன.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஸ்ரீரங்கத்து டீச்சர் மாவுக் கையோடு ஓடி வந்தார். "அவ செல்விதான் மேடம். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். யோசனை என்னோடது."

"யோசனை ரெண்டு பேரோடதாவும் எப்படிங்க இருக்க முடியும்?" என்றார் மேடம். அவர் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. செல்விக்கு எதிரில், புடவையை ஒதுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார்.

"உன் பேரையே சொல்லு, பயப்படாத."

"செல்விங்க."

"எந்த ஊரு?"

செல்வி யோசித்தாள். ஆறு இருக்கும் திசையில் கையைக் காட்டினாள். "அந்தக் கரைங்க. இப்ப இந்தக் கரை."

"சரி" என்றார் மேடம். "சாப்பிடு."

அங்கேயே உட்கார்ந்தபடி எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். பெண் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, இவள் எங்கள் மையத்துப் பெண், பிரசவத்துக்கு வருகிறாள், சாப்பாடு கொடுக்கவும் என்று பழைய மையத்து டீச்சர் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு புது மையத்தில் அன்றைக்கே பெயர் எழுதிக்கொள்ள வேண்டும், ரேஷன் கார்டு கேட்கக் கூடாது. மேலே எழுதி அனுமதி வாங்க நாளாகும், அது வரும்வரை தன் பொறுப்பு. ஆள் மாறாட்டம் மட்டும் இனி கூடாது. விளக்கத்தையும் மறக்காமல் எழுதித் தர வேண்டும்.

எழுதித் தந்தேன். அது என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சீட்டுக்கு எங்கள் சந்துப் பெண்கள் வளையல் சீட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். செல்விக்கும் ஸ்டெல்லாவுக்கும் அன்றைக்கே எழுதி மாற்றிக்கொண்டோம்; வளைகாப்பில் கொடுத்த முதல் சீட்டு லால்குடிக்காரிக்குப் போனது. அதைத் தாம்பாளத்தில் வளையலோடும் மஞ்சளோடும் சேர்த்து வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது அஞ்சலைதான். "வளையலு ஒடஞ்சாலும் ஒடையும். இத பத்தரமா வெச்சுக்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்விக்குப் பிள்ளை பிறந்ததை ஸ்ரீரங்கத்து டீச்சர்தான் மார்க்கெட்டுக்கு வரும் பூக்கூடைக்காரர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார். "சம்பந்தியம்மாவுக்குப் பேத்தி பொறந்திருக்கான்னு சொல்லு. நாள் தவறாம, முழு மாசத்துல." நான் கையிலிருந்த மாவோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று, வெங்காயமா டீச்சர் என்று கேட்டன.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம், நல்ல நாள் பார்த்து, செல்வி பிள்ளையோடு ஆற்றைத் தாண்டிப் புருஷன் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை அஞ்சலை என் வாசலில். தலையில் கூடை இல்லை, இடுப்பில் பேத்தி. பின்னால் செல்வி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இவளக் கொஞ்ச நேரம் வெச்சிருக்கியா? தூக்கித் தூக்கிக் கை வலிக்குது."

கை வலிக்கிறதாம். கீரைக் கூடையை ஆயுசு முழுக்கச் சுமந்தவர். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். மெய்யாகவே கை இறங்கியது. அதுவரை அடுத்தவர் பிள்ளைகளைக்கூட எடை போட விடாமல் ஏசிக்கொண்டிருந்த அஞ்சலை, தொங்கிக்கொண்டிருந்த தராசை ஒரு பார்வை பார்த்தார். வாசலில் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"போட்டுப் பாரு" என்றார்.

துணியில் கிடத்தினேன். பாப்பா காலை உதைத்துக்கொண்டு சிரித்தது. முள் நகர்ந்து, நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலையின் கை என் வாயைப் பொத்திவிட்டது. கொத்தமல்லி வாசனை அடிக்கும் கை.

"எழுதிக்க. வாய் விட்டுச் சொல்லாத."

குழந்தையின் அட்டையில் எழுதிக்கொண்டேன். அவர் எழுத்துப் படிக்கத் தெரியாதவர். அட்டையை வாங்கி, நான் எழுதிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பேத்தியை வாரி எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. செல்வி போய் அந்த முதுகில் கை வைத்தாள்.

பேத்தி இப்போது எங்கேயோ நன்றாக இருக்கிறாள், அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்குத் தராசு என்ன காட்டியது என்று நீங்கள் கேட்பீர்கள், நம் தொழில் அப்படி. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அஞ்சலைக்குக் கொடுத்த வாக்கு, உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.